காம்படிக் கறுப்பு

எங்கள் கிணற்றடியில் நிற்கும் ஆனைக்கொய்யா மரங்களைப் பற்றி யாராவது கேட்டால் நான் கொஞ்சம் கூடுதலாகத்தான் கதைப்பேன். "தொடங்கிட்டா, இனி தேத்தண்ணி ஆறிப்போகும்" என்று என் கணவர் சொல்லுவார். சொல்லட்டும். வன்னியில் இந்த மரம் நிற்குமா என்று கேட்டவர்களுக்கு நடுவில் நின்று காய்த்த மரங்கள் அவை. அதைவிட, காய்த்த காயை அழுகாமல் மனிதர் கையில் கொண்டுபோய்ச் சேர்க்க நாங்கள் பட்டபாடு எங்களுக்குத்தான் தெரியும்.

காணி நெடுங்கேணியிலிருந்து உள்ளே போகும் வீதியில், காடு தொடங்குகிற கரையில் இருக்கிறது. சண்டை முடிந்து திரும்பி வந்த பிறகு நான் சில வருடங்கள் கண்ணிவெடி அகற்றும் வேலைக்குப் போனேன். அந்தச் சம்பளத்தில்தான் கிணற்றை ஆழமாக்கிக் கட்டினோம். தண்ணீர் இருந்ததால் கணவர் முதலில் வாழை வைத்தார். பிறகு யாரோ ஒட்டுக் கன்று விற்கிறார்கள் என்று கேள்விப்பட்டு ஏழு ஆனைக்கொய்யாக் கன்றுகளைச் சாக்கில் சுற்றிக்கொண்டு வந்து இறக்கினார். எனக்கு அப்போது அதில் நம்பிக்கை இல்லை. கன்றுகளைப் பார்த்ததும் சந்தோசப்பட்டவர் மச்சாள்தான்.

மச்சாள் என்றால் என் கணவரின் மூத்த அக்கா. அவர்களுடைய தாய் தகப்பன் மலையகத்தில் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்தவர்கள். கலவரம் ஒன்றுக்குப் பிறகு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வவுனியா வடக்குக்கு வந்து காடு வெட்டிக் குடியேறினார்கள். அந்தத் தூக்கி வரப்பட்ட பிள்ளைதான் மச்சாள். கணவர் இங்கே பிறந்தவர். நான் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, அரசாங்கத்தின் குளத்துக் குடியேற்றத் திட்டத்தில் காணி எடுத்து நெல் விதைத்த குடும்பத்துப் பெண். அவர்கள் தோட்டத்திலிருந்து வந்தவர்கள் என்பதால் எங்கள் கலியாணம் எங்கள் வீட்டில் சிலருக்குப் பிடிக்கவில்லை. அந்த நாட்களில் என்னைத் தங்கள் வீட்டுப் பிள்ளையாக முதலில் கூப்பிட்டுச் சோறு போட்டவர் மச்சாள். அவர் என்னை "புள்ள" என்பார். இத்தனை வருடம் வன்னியில் இருந்தும் அவருடைய பேச்சில் மலை போகவில்லை. ஆனைக்கொய்யாவை அவர் பட்டர் ஃப்ரூட் என்றுதான் சொல்லுவார்.

புருசன் இல்லாத பிறகு மச்சாள் புதுக்குடியிருப்புச் சந்தையில் பழக்கடை போட்டிருந்தார். கடை என்றால் நாலு கம்பும் மேலே ஒரு தறப்பாளும், பலகையால் அடித்த மேசையும். வாழைப்பழம், பப்பாசி, கொய்யா, காலத்துக்கு ஏற்ற மாதிரி விளாம்பழம், தோடை. எங்கள் மரங்கள் முதல்முறை ஆளுக்குக் காட்டும்படி காய்த்தபோது, எல்லாக் காயும் மச்சாளின் மேசைக்குத்தான் போனது.

முதலில் வந்த காய்கள் நல்ல விதமாகத்தான் போயின. வாங்கியவர்கள் திரும்பவும் வந்து கேட்டார்கள். சீனியும் ரின்பாலும் போட்டுப் பிசைந்து பிள்ளைகளுக்குக் கொடுத்தால் கிண்ணத்தை நக்குகிறார்கள் என்று ஒரு தாய் வந்து சொன்னதை மச்சாள் எனக்குப் பலதடவை சொல்லியிருப்பார். மழைக்காலம் தொடங்குகிற நேரம் கடைசிக் காய்களைப் பறித்து அனுப்பினோம். பிரச்சினை அங்கேதான் வந்தது.

அன்றைக்கு நானும் சந்தையில் நின்றேன். மச்சாளுக்கு முழங்கால் வருத்தம் என்பதால் கூடைகளை இறக்கிக் கொடுக்கப் போயிருந்தேன். ஒரு பெண் கையில் பையோடு வந்தார். முந்தின கிழமை எங்களிடம் பழம் வாங்கியவர். வெளிநாட்டிலிருந்து வந்த சொந்தக்காரருக்கு விருந்து வைத்திருந்தாராம். அவர் பையிலிருந்து பாதி வெட்டிய பழங்களை எடுத்து மேசையில் ஒவ்வொன்றாக வைத்தார்.

"அக்கா, நான் சண்டைக்கு வரேல்லை. நீங்களே பாருங்கோ. வெளியால பச்சையா, நல்ல வடிவா இருந்தது. சனத்துக்கு முன்னால வெட்டினால் எல்லாம் இப்பிடி."

பழம் ஒவ்வொன்றிலும் காம்பு இருந்த இடத்திலிருந்து கறுப்பு உள்ளே இறங்கியிருந்தது. சிலதில் ஒரு விரல் தடிப்புக்கு. சிலதில் கொட்டை வரைக்கும் மண்நிறமாகி, சதையில் நார் நாராகக் கறுத்த கோடுகள் ஓடியிருந்தன. ஒரு புளித்த மணம். எனக்கு முகம் சுட்டது.

பக்கத்து மேசையில் மரக்கறி விற்பவர் எட்டிப் பார்த்தார். கெட்ட மனிதர் இல்லை. ஆனால் வாய் சும்மா இருக்காது.

"மலையில வளர வேண்டியதை இஞ்ச கொண்டுவந்து நட்டால் இப்பிடித்தான் வரும். இந்த மண்ணுக்கு இது சரிவராது" என்றார்.

அவர் பழத்தைத்தான் சொன்னார். ஆனால் மச்சாள் அதை எப்படிக் கேட்டிருப்பார் என்று எனக்குத் தெரியும். நான் ஏதாவது சொல்ல வாயெடுக்க முதல் மச்சாள் அமைதியாகச் சொன்னார்.

"நாங்க வந்து நாப்பது வருசத்துக்கு மேல ஆச்சுங்க. மரம் இப்பதான் வந்திருக்கு. அதுக்கும் கொஞ்சம் டைம் குடுங்க."

பிறகு அந்தப் பெண்ணைப் பார்த்து, "ஒங்க காச குடுத்துடுறேம்மா. கொஞ்சம் நில்லுங்க" என்றார். பணத்தைக் கொடுத்துவிட்டு, மேசைக்குக் கீழிருந்த கத்தியை எடுத்தார். கூடையில் பழுத்துக்கொண்டிருந்த ஆனைக்கொய்யாக்களை மேசையில் கொட்டினார்.

"என்ன செய்யிறியள் மச்சாள்?" என்று கேட்டேன்.

"வெட்டிப் பாப்போம் புள்ள. ஒண்ணு ரெண்டா, இல்ல எல்லாமான்னு தெரிய வேணாமா?"

சந்தையில் சனம் நின்று பார்க்க, தன் சொந்தச் சரக்கை ஒவ்வொன்றாக நீளப்பாட்டில் இரண்டாகப் பிளந்தார். நல்லதை ஒரு பக்கம் வைத்தார். கறுத்ததை மற்றப் பக்கம். கறுத்த பக்கம்தான் கூடிக்கொண்டு போனது. நான் அவருடைய கையைப் பிடித்து நிறுத்த நினைத்தேன். வீட்டுக்குக் கொண்டுபோய் வெட்டலாமே, ஏன் இப்படி எல்லாருக்கும் முன்னால் என்று. ஆனால் அவர் முகத்தைப் பார்த்ததும் கையை எடுத்துக்கொண்டேன். வெட்கப்படுகிற முகமாக அது இல்லை. கணக்குப் பாடத்தில் எங்கே பிழைத்தது என்று தேடுகிற பிள்ளையின் முகம் மாதிரி இருந்தது.

கடைசிப் பழத்தையும் வெட்டிவிட்டு, நல்ல பாதிகளைச் சுற்றி நின்றவர்களுக்குச் சும்மா கொடுத்தார். மரக்கறிக்காரருக்கும் ஒன்று கொடுத்தார். அவர் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, "ருசி குறைவில்லை" என்றார். கறுத்ததையெல்லாம் சாக்கில் கட்டினோம். பஸ்ஸில் அந்தச் சாக்கோடு ஏறினபோது கொண்டக்டர் மணத்தில் மூக்கைச் சுழித்தான். மச்சாள் சாக்கைக் காலுக்கு நடுவில் வைத்துக்கொண்டு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். ஒட்டுசுட்டான் தாண்டினதும் என் பக்கம் திரும்பினார்.

"எல்லாம் காம்படியிலதான் தொடங்கியிருக்கு. பாத்தியா? அடியிலயோ பக்கத்திலயோ ஒண்ணுல கூட இல்ல."

நான் அதைக் கவனிக்கவே இல்லை. எனக்கு எல்லாம் ஒரே அழுகலாகத்தான் தெரிந்தது.

அடுத்த நாள் நாங்கள் இருவரும் விவசாயப் போதனாசிரியரைப் பார்க்கப் போனோம். சின்ன வயதுப் பெண். நாங்கள் மிஸ் என்று கூப்பிடுவோம். நான் பையில் கொண்டுபோன வெட்டிய பழத்தை அவர் முகர்ந்து பார்த்துவிட்டு, கதிரையை இழுத்துப் போட்டு எங்களை இருத்தினார். பிறகு மரங்களையும் பார்க்க வேணும் என்று சொல்லி, பின்னேரம் தன் மோட்டார் சைக்கிளில் காணிக்கே வந்துவிட்டார்.

மரத்தின் கீழ் நின்று அண்ணாந்து பார்த்தவர் கேட்ட முதல் கேள்வி, "அக்கா, உந்தப் பட்ட கொப்பெல்லாம் எவ்வளவு காலமாய் நிக்குது?"

அப்போதுதான் நானும் பார்த்தேன். பச்சைக்கு நடுவில் காய்ந்த குச்சிகள். கோடையில் வெயிலும் அனல்காற்றும் அடித்தபோது நுனி கருகினவை. அது கோடைக்கு வருவது, மழைக்குத் துளிர்த்துவிடும் என்று நாங்கள் விட்டிருந்தோம்.

"இது ஒரு பங்கசு, பூஞ்சணம். அது இந்தப் பட்ட குச்சியில இருந்து வளரும். மழை பெய்யேக்க தண்ணியோட வடிஞ்சு காயின்ர காம்புக்கு வரும். நீங்கள் காயை எப்பிடிப் பறிக்கிறனீங்கள்?"

என் கணவர் கொக்கத்தடியைக் காட்டினார். காம்பில் கொளுவி ஒரு இழுவை இழுத்தால் காய் கீழே விழும். கீழே சாக்கு விரித்திருப்போம்.

"இழுக்கேக்க காம்பு பிடுங்குப்படும். அந்த இடம் புண்தானே. அதுக்குள்ளால அது போயிடும். காய் கல்லு மாதிரி இருக்கிற வரைக்கும் ஒண்டும் தெரியாது. உள்ளுக்குப் படுத்திருக்கும். பழுக்கத் தொடங்கினவுடன எழும்பும்."

"எழும்பினா மருந்து இருக்கா மிஸ்?" என்று மச்சாள் கேட்டார்.

"இல்லை அம்மா. உள்ளுக்குப் போன பிறகு ஒண்டும் செய்யேலாது. போக விடாமல் பாக்கிறதுதான்."

அந்தப் பதில் எனக்கு ஏமாற்றமாக இருந்தது. ஒரு போத்தல் மருந்தை எழுதித் தந்திருந்தால் வாங்கி அடித்துவிட்டு நிம்மதியாக இருந்திருக்கலாம். மச்சாளுக்கோ அது பிடித்துவிட்டது. மிஸ் சொன்னதையெல்லாம் திருப்பித் திருப்பிக் கேட்டார். பட்ட கொப்பை வெட்ட வேணும் என்றதும், "அட, கவ்வாத்துன்னு சொல்லுங்க" என்று சிரித்தார். தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிற வேலைதான் அவருடைய தகப்பன் தோட்டத்தில் செய்ததாம். அதைச் சொன்னபோது மிஸ்ஸும் சிரித்துவிட்டு, "ஓம் அம்மா, அதுதான், அதேதான்" என்றார்.

அந்த மழை முடிய நாங்கள் வேலையைத் தொடங்கினோம். கணவர் ஏணி வைத்து ஏறினார். நான் கீழிருந்து எந்தக் கொப்பு என்று காட்டினேன். பட்ட இடத்திலிருந்து கொஞ்சம் உள்ளே, பச்சை தெரிகிற இடத்தில் வெட்ட வேணும். ஒவ்வொரு மரத்தையும் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒரு பகுதி முடிந்ததும் சிவப்பு நாடா கட்டினேன். கண்ணிவெடி வேலையில் பழகின கை. பார்த்த இடத்தையும் பார்க்காத இடத்தையும் கலந்துவிட்டால் எனக்கு நித்திரை வராது.

"இது காய், வெடிக்காது" என்று கணவர் மேலிருந்து சொன்னார்.

"வெட்டுங்கோ பாப்பம். இடப்பக்கம் இன்னும் ஒண்டு நிக்குது."

வெட்டின குச்சிகளையும் மரத்தடியில் கிடந்த காய்ந்த காய்களையும் கூட்டி அள்ளி, காணிக்கு வெளியே கொண்டுபோய் எரித்தோம். அந்தச் சாக்கில் கட்டிக் கொண்டுவந்த பழங்களை நான் முதலே ஆழமாகக் குழி வெட்டித் தாட்டிருந்தேன். பூஞ்சணம் புதிதாகத் தொற்றாமல் இருக்க மிஸ் சொன்ன செம்பு மருந்தை அளவோடு அடித்தோம். கோடை வந்ததும் மரத்தடியைச் சுற்றி வைக்கோல் பரப்பித் தண்ணீர் விட்டோம். மரம் தண்ணீருக்குத் தவித்தால் கொப்பு படும், கொப்பு பட்டால் அது திரும்ப வந்துவிடும். அந்தக் கோடையில் நெல்லுக்குக் கூட அவ்வளவு யோசிக்கவில்லை, இந்த ஏழு மரங்களுக்கும் யோசித்தேன்.

கொக்கத்தடிக்கு ஒரு மாற்று வேண்டியிருந்தது. கணவர் ஒரு நீளமான பைப்பின் நுனியில் கத்திரி ஒன்றைப் பூட்டி, கயிறு இழுத்தால் வெட்டுகிற மாதிரிச் செய்தார். கத்திரிக்குக் கீழே கம்பி வளையம். அதில் நான் பழைய சாறத்துணியில் பை தைத்துக் கட்டினேன். முதல் நாள் அது காம்பை வெட்டாமல் இலையை மட்டும் வெட்டியது. இரண்டாவது நாள் கயிறு சிக்கியது. கழற்றிக் கழற்றிப் பூட்டினார். ஒருநாள் காய் ஒன்று சின்னக் காம்போடு பையில் மெத்தென்று விழுந்தது. அவர் அதை என் கையில் கொண்டுவந்து வைத்தார். அந்தக் காயை இரண்டு பேரும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

அந்தப் போகத்தில் காய் முன்னையதிலும் நன்றாக வந்தது. வெயில் ஏறி, பனி காய்ந்த பிறகுதான் பறித்தோம். நிலத்தில் வைக்கவில்லை. முன்னர் சீக்கிரம் பழுக்கட்டும் என்று சாக்கில் இறுக்கிக் கட்டி வெக்கையில் வைப்போம். அதையும் விட்டோம். குசினிக்குப் பின்னால் காற்றோட்டமான இடத்தில் பலகை அடித்து ஒன்றோடொன்று முட்டாமல் பரப்பினோம். மச்சாள் கடையில் ஒரு புது வழக்கத்தைக் கொண்டுவந்தார். பழம் கேட்டு வந்தவருக்கு முன்னால் மேசையில் இருந்து ஒன்றை அவர்களையே எடுக்கச் சொல்லி, வெட்டிக் காட்டுவார்.

"உள்ள பாத்துட்டு வாங்குங்க" என்பார்.

முதல் நாள் அவர் வெட்டியபோது நான் கத்தியையே பார்த்துக்கொண்டு நின்றேன். கத்தி கொட்டையைச் சுற்றி வந்து பழம் பிரிந்தது. காம்படி வரைக்கும் வெண்ணெய் மாதிரி, ஓரத்தில் இளம் பச்சை. மச்சாள் அதைத் தூக்கி, பக்கத்து மேசைக்காரருக்கும் தெரியும்படி காட்டினார். அவர் தலையை ஆட்டினார். அன்றைக்குப் பிறகு மண்ணைப் பற்றி அவர் ஒன்றும் சொன்னதில்லை.

ஆனால் மழைக்காலம் இன்னும் வரவில்லை என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

புதுக்குடியிருப்பில் ஒரு கலியாண வீட்டார் மச்சாளிடம் பெருந்தொகையாகப் பழம் சொல்லியிருந்தார்கள். சாப்பாட்டுக்குப் பிறகு ஆனைக்கொய்யாவும் ஐஸ்கிறீமும் கொடுப்பது என்று திட்டம். மச்சாள் ஓம் என்று சொல்லிவிட்டார். பழுக்க நாள் வேண்டும் என்பதால் கொஞ்சம் முன்னதாகவே பறிக்கத் தொடங்கினோம். பாதி பறித்திருப்போம். வானம் இருண்டு மழை பிடித்துக்கொண்டது. விட்டு விட்டுப் பெய்தது. இலை காய்வதற்குள் அடுத்த மழை வந்துவிடும்.

கணவர் தலையில் துவாயைப் போட்டுக்கொண்டு பைப்பை எடுத்தார்.

"இண்டைக்குப் பறிக்காட்டி கலியாணத்துக்குப் பழுக்காது. அக்கா வாக்குக் குடுத்திட்டா."

"ஈரத்தில பறிச்சால் என்ன நடக்கும் எண்டு தெரியும்தானே."

"எல்லாம் அழுகாது. பட்ட கொப்பெல்லாம் வெட்டியாச்சு, மருந்தும் அடிச்சாச்சு."

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. எனக்கும் சரியாகத் தெரியாது. மச்சாளுக்குப் போன் எடுத்தேன். எப்போதிருந்து பெய்கிறது என்று கேட்டார். பிறகு, "நான் வர்றேன் புள்ள. வர்ற வரைக்கும் பறிக்க வேணாம்னு அவன்கிட்ட சொல்லு" என்றார்.

புதுக்குடியிருப்பிலிருந்து பஸ் ஏறி, மழையில் நனைந்துகொண்டு வந்து சேர்ந்தார். மரத்தடியில் போய் நின்று கையை நீட்டி ஒரு காயைத் தொட்டுப் பார்த்தார். காம்பிலிருந்து தண்ணீர் அவர் விரலில் வடிந்தது.

"வேணாம்" என்றார்.

"அக்கா, அந்தச் சனத்துக்கு என்ன சொல்லப் போறியள்?" என்று கணவர் கேட்டார்.

"உள்ளதச் சொல்லுவேன்."

அடுத்த நாள் நானும் அவரோடு கலியாண வீட்டுக்குப் போனேன். பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். பெண்ணின் தகப்பன் வெளியே வந்தார். மச்சாள் நின்றபடியே சொன்னார்.

"ஐயா, சொன்னதுல பாதிதான் என்னால தர முடியும். மீதி மரத்துல இருக்கு. மழையில பறிச்சா வெளிய நல்லாத்தான் இருக்கும். ஒங்க பந்தியில வெட்டும்போது உள்ள கறுத்திருக்கலாம். அத நான் தரமாட்டேன்."

அவருக்குக் கோபம் வந்தது. வராமல் இருக்குமா. "அம்மா, நாளும் நேரமும் குறிச்சு, சமையல்காரருக்கும் சொல்லியாச்சு. கடைசி நேரத்தில வந்து இப்பிடிச் சொன்னால் நாங்கள் எங்க போறது?" என்றார்.

"கடைசி நேரம் இல்லீங்க. இன்னும் நாள் இருக்கு. அதுக்காகத்தான் இன்னைக்கே வந்தேன். பப்பாசியும் அன்னாசியும் நானே புடிச்சுத் தர்றேன். எல்லாத்தையும் கலந்து குடுங்க. ஒண்ணு கூடக் கெட்டது இருக்காது. அதுக்கு நான் பொறுப்பு."

அவர் உள்ளே திரும்பி மனைவியோடு கதைத்தார். நாங்கள் மழைத்தூறலில் நின்றோம். இந்தக் கதை சந்தை முழுக்கப் பரவும், அடுத்த முறை யார் எங்களிடம் பழம் சொல்லுவார்கள் என்று யோசித்தேன். மச்சாளின் முகத்தில் அந்தக் கவலை இருந்ததா என்று பார்த்தேன். இருந்தது. ஆனால் நின்ற நிலை மாறவில்லை. அவருக்குப் பக்கத்தில் அந்த முற்றத்தில் நின்றதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு நிமிர்ந்து உட்காரத் தோன்றும்.

அந்த வீட்டு அம்மா வெளியே வந்தார். "சரி அக்கா, கலந்தே செய்வம். மழையில நிக்காமல் உள்ளுக்கு வாங்கோ" என்று கதிரை எடுத்துப் போட்டார். தேத்தண்ணி குடித்துவிட்டுத்தான் எங்களை விட்டார்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு நான் ஒரு வேலை செய்தேன். மழை விட்ட ஒரு இடைவெளியில் ஈரக் காய்கள் கொஞ்சம் பறித்தேன். முந்தி வெயிலில் பறித்தவற்றுக்குப் பக்கத்தில், வேறு பலகையில் வைத்தேன். கணவர் பார்த்தார். ஈரத்தில் பறித்தது என்ன ஆகும் என்று அவருக்கும் தெரிய வேண்டியிருந்தது.

கலியாணத்துக்கு முதல் நாள் மச்சாள் வந்து வெயிலில் பறித்த பழங்களை ஒவ்வொன்றாகக் காம்படியில் மெதுவாக அமத்திப் பார்த்துக் கூடையில் அடுக்கினார். சந்தேகமான சிலதை ஒதுக்கினார். அவற்றை வெட்டியபோது ஒன்றில் மட்டும் காம்படியில் ஒரு பொட்டுப் போல கறுப்பு. மற்றவை நல்லவை. அவற்றை எங்கள் வீட்டில் சாப்பிட்டோம். கலியாண வீட்டுக்குப் போன கூடைகளில் ஒரு பழமும் பழுதில்லை என்று சமையல்காரர் பிறகு ஆளனுப்பிச் சொன்னார்.

ஈரத்தில் பறித்தவை கொஞ்சம் பிந்திப் பழுத்தன. அவை பழுத்த அன்று மாலை நாங்கள் மூன்று பேரும் கிணற்றடியில் இருந்து அவற்றை வெட்டினோம். எல்லாம் அழுகியிருக்கவில்லை. கணவர் சொன்னதும் ஓரளவு சரிதான். கொப்பு வெட்டியதும் மருந்தும் வேலை செய்திருந்தன. ஆனால் பாதிக்குக் கிட்ட காம்படியில் கறுத்திருந்தது. ஒரு பந்தியில் பாதிக்குக் கிட்ட என்றால் அது போதும் ஒரு வீட்டாரின் முகத்தைக் கெடுக்க.

கணவர் ஒரு கறுத்த பாதியைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அக்கா, நான் பறிச்சிருப்பன்" என்றார்.

"தெரியும்டா. அதான் மழையில ஓடி வந்தேன்" என்றார் மச்சாள். மூன்று பேரும் சிரித்தோம்.

அந்தக் கலியாணத்துக்குப் பிறகு மச்சாளைக் கூப்பிட்டுப் பழம் சொல்கிறவர்கள் குறையவில்லை. பழம் இல்லாவிட்டால் இல்லை என்று சொல்லுகிற ஆள் என்று பேர் எடுத்துவிட்டார். வவுனியாவிலிருந்து ஒரு மொத்த வியாபாரி காணிக்கே வந்து மரத்தைப் பார்த்தார். ஏழு மரத்துக் காய் தனக்குக் காணாது, இன்னும் நடுங்கோ என்றார். அவருக்குத் தருவதா என்பதை மச்சாளிடம்தான் கேட்க வேண்டும் என்று கணவர் சொல்லிவிட்டார். இப்போது கிணற்றுக்கு அந்தப் பக்கம் புதுக் கன்றுகள் நிற்கின்றன. மிஸ் வேறு ஊர்ச் சனத்தையும் கூட்டிக்கொண்டு வந்து எங்கள் மரங்களைக் காட்டுகிறார். அவர்களுக்குக் கவ்வாத்து எப்படி என்று மச்சாள் விளங்கப்படுத்துகிறார். கத்திரிப் பைப்பை இழுத்துக் காட்டுவது என் கணவர். அந்தப் பைப்பைப் பார்த்து இன்னும் இரண்டு வீட்டில் செய்திருக்கிறார்கள். எங்களுடையதை விட அது நன்றாக வெட்டுகிறது என்று கேள்வி.

எங்கள் மகள் யாழ்ப்பாணத்தில் தங்கிப் படிக்கிறாள். போன மாதம் அவளைப் பார்க்கப் போனபோது பலகையிலிருந்து நல்ல காய்களாகத் தெரிந்து ஒரு பையில் கொண்டுபோனேன். புளியங்குளத்தில் பஸ் மாறி ஏறினேன். ஆனையிறவு உப்பளம் தெரிகிற இடத்தில் பக்கத்துச் சீற்றில் இருந்த அம்மா பைக்குள் எட்டிப் பார்த்தார்.

"நல்ல ஆனைக்கொய்யா. நுவரெலியாவில இருந்தோ வாறியள்?"

"இல்லை அம்மா. நெடுங்கேணி. எங்கட காணியில காய்ச்சது."

அவர் நம்பாதது போல என்னைப் பார்த்தார். நான் ஒரு காயை எடுத்து, காம்பு கழலாமல் அவருடைய மடியில் வைத்தேன்.

"காம்பைப் பிடுங்காதேங்கோ. வெக்கையில வைக்காமல் காத்துப் படுற இடத்தில வையுங்கோ. கழுத்தடி கொஞ்சம் மெத்தெண்டு வந்தவுடன வெட்டுங்கோ" என்றேன்.

"நீங்களே நட்டனீங்களோ?"

"என்ர மனுசன் நட்டது. மச்சாள்தான் வித்தவா" என்று சொல்லத் தொடங்கினேன். சாவகச்சேரி வரும் வரைக்கும் கதைத்துக்கொண்டு போனோம்.